சுமைதாங்கிக் கல்



காலையில் வானொலியைத் திருப்பினால் போர்ச் செய்தி. பத்திரிகையை விரித்தால் வெள்ளம், பஞ்சம், விலையேற்றம். எங்கோ வீழ்கின்ற குண்டின் ஓசையும் இப்போது நம் கையிலுள்ள தொலைபேசியிலேயே கேட்கின்றது. இத்தனைக்கும் நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிடுவது எளிது. உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் என்னிடம் இதையே கேட்டனர். "உலகம் இப்படி இருக்கும்போது, ஒருவருக்கொருவர் அன்பாயிருங்கள் என்று காலைக் கூட்டத்திலே சொல்வதனால் என்ன பயன், சேர்?" நியாயமான கேள்வி. அதற்குரிய விடையின் ஒரு பகுதி யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களிலே இருக்கின்றது என்பது என் எண்ணம்.

இளையோருட் பலர் சுமைதாங்கியைக் கண்டிருக்கமாட்டார்கள். கண்டிருந்தாலும் இடிந்த மதில் என்று எண்ணிக் கடந்திருப்பார்கள். கல்லாலோ சுண்ணாம்புக் கட்டாலோ ஏறத்தாழ ஓர் ஆளுயரத்துக்கு எழுப்பப்பட்ட மேடை அது. சந்தைக்கு நடந்து போனவர்கள் தலையிலுள்ள கடகத்தை அதன்மேல் இறக்கி வைத்துச் சற்று இளைப்பாறுவார்கள். கருவுற்ற நிலையிலே பிள்ளையைப் பெறாமல் இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றைக் கட்டுவது வழக்கமாயிருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரால், பிறர் சுமையை இறக்கி வைக்க ஓரிடம்! துக்கத்தை இப்படியொரு பயனுள்ள பொருளாக்கிய மக்களை நான் வியக்காத நாளில்லை.

அந்த உயரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாரத்தை நிலத்திலே இறக்கினால், மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். வெறிச்சோடிய வெயில் வீதியில் யாரைக் கூப்பிடுவது? தலையின் உயரத்திலே கல் இருந்தால், ஒருவரையும் இரக்காமல் தானே இறக்கித் தானே ஏற்றிக்கொண்டு போகலாம். கட்டியவர் யாரென்று நடந்தவருக்குத் தெரியாது. நடப்பவர் யாரென்று கட்டியவருக்கும் தெரியாது. நன்றி சொல்ல வேண்டிய கடமைகூட அங்கே இல்லை. அதனருகே ஆவுரஞ்சிக்கல் நிற்கும். தினவெடுத்த மாடு உடலை உரைஞ்சிக் கொள்வதற்கு. வாயில்லாத பிராணியின் அரிப்பைக்கூட ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்திலோ, வீதியே கூரைக்குக் கீழாகச் செல்கின்றது. வழிப்போக்கர் இருந்து களைப்பாற இரு பக்கமும் திண்ணைகள்.

இவ்விடத்தில் உண்மையொன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். அக்காலத்து இரக்கம் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. கிணற்றிலே தாமாக அள்ளும் உரிமை சாதியின் பெயரால் நம்மவருட் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. தேநீர்க் கடையிலே ஒரே பேணியில் குடிப்பதற்கும், கோயில் வாயிலைக் கடப்பதற்கும் 1960களிலே போராட வேண்டியிருந்தது. ஆள் பார்த்துக் கொடுக்கும் தண்ணீரைத் தருமம் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. பழமையைப் புகழ்வோர் சுமைதாங்கியைச் சொல்லும்போது அந்தக் கிணற்றையும் சேர்த்தே சொல்லட்டும்.

அப்படியாயின் மாணவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையாகின்றது. நீதி வேண்டிய இடத்திலே அன்பைக் காட்டிச் சமாளித்துவிடலாமா? முடியாது. சுமைதாங்கி சுமையை ஓர் இறாத்தலேனும் குறைப்பதில்லை. நல்ல வீதியும் வண்டியும் நியாயமான கூலியுமே அந்தப் பெண்ணுக்கு உரியவை. அவற்றுக்காக வாதாடுவோர் வாதாடத்தான் வேண்டும். ஆனால் வண்டி வரும் வரையில் கழுத்து நோகும். அந்த நோவு இன்றைக்கு உரியது. நாளை வரப்போகும் நீதியால் அதனை ஆற்ற இயலாது.

நமது நாட்டின் அண்மைக்கால வரலாறே இதற்குச் சான்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, முன்பின் அறியாதவர்களுக்குப் படலையைத் திறந்துவிட்ட வீடுகள் எத்தனை! 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நிவாரணக் கப்பல்கள் வருமுன்பே அயற்கிராமத்துச் சமையற்கட்டுகளிலிருந்து சோற்றுப் பொதிகள் வந்து சேர்ந்தன. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் கதவைத் திறந்தன. சோற்றைக் கட்டிய கை எந்த மொழி பேசிற்று என்று உண்டவர் கேட்கவில்லை.

2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றோமே, அதையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு எங்கள் பாடசாலையிலே காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதைக் கண்டோம். காரணத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆசிரியை ஒருவர் நாள்தோறும் இரண்டு பொதி கொண்டுவரத் தொடங்கினார். "எனக்கு இன்றைக்குச் சாப்பாடு கூடிப்போயிற்று, வீணாக்காமல் எனக்கு உதவி செய், பிள்ளை" என்று ஒவ்வொரு நாளும் அதே பொய்யை ஒவ்வொரு பிள்ளையிடம் சொல்லுவார். பொய்யென்று பிள்ளைகளுக்கும் தெரியும். ஆயினும் வாங்கும் கை தாழ்ந்துபோகவில்லை; கொடுத்தவருக்குத் தாம் உதவியதாகவே அவை எழுந்து சென்றன. கல்லை ஆளுயரத்துக்குக் கட்டியவரின் நுட்பத்தை நான் அவரிடம் கண்டேன்.

காணாதவருக்காக முன்கூட்டியே செய்து வைக்கும் இவ்வழக்கம் இந்நாட்டிலே வேறு உருவங்களிலும் வாழ்கின்றது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டிலே தொடக்கிய கண்தானச் சங்கத்துக்குத் தம் கண்களை எழுதிக்கொடுத்துவிட்டு இறந்த எளிய மக்களால், பாகிஸ்தான் முதலிய பல நாடுகளிலே பார்வையற்றோர் பார்வை பெற்றனர்.

இன்று கடகம் சுமந்து நடப்போர் அருகிவிட்டனர். சுமை அருகவில்லை. கந்தோர் ஒன்றிலே, விளங்காத மொழியில் அச்சிட்ட படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் முதியவளைப் பாருங்கள். தமிழ் 1987 ஆம் ஆண்டிலே அரசகரும மொழியாயிற்று. ஆயினும் அவள் கையிலுள்ள தாள் அதை அறியாது. அந்தத் தாளைத் தமிழிலே அச்சிடுவிப்பது ஒரு வேலை. அதைச் சட்டப்படி கேட்போம். இப்போதைக்கு அருகிலிருப்பவர் ஐந்து நிமிடம் நின்று வாசித்துச் சொல்லலாம். கொழும்பிலும் கண்டியிலும் தமிழ்ப் பயணிக்கு இப்படி வழி சொல்லிவிட்ட சிங்கள அன்பர்கள் பலர். வடக்கே வழிதெரியாது நிற்கும் சிங்களப் பயணிக்கு நம்மவர் அவ்வாறு செய்வதையும் கண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்ட மாணவர்களுக்கு இவையெல்லாம் முழுத் திருப்தி தந்தன என்று சொல்லமாட்டேன். சிலர் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். இதற்கிடையில், கீழ்வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே பாடசாலை வாசலிலே, வீதியால் போவோர் எட்டியெடுக்கக்கூடிய உயரத்தில், ஒரு தண்ணீர்ப் பானையும் குவளையும் வைத்திருக்கிறார்கள். சித்திரை விடுமுறையில் அதனை நிரப்புவது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. வருகிற திங்கட்கிழமை கூடிப் பேசவிருக்கிறார்கள்.