பூஜையில் வைக்காத கத்தி

(ஆயுத பூஜை அன்று மாலை நம் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் பத்து நிமிஷம் என்று சொல்லியிருக்கிறார். சுண்டல் ஆறிவிடும் என்று மகளிர் குழுவும் எச்சரித்திருக்கிறது. கூடுமானவரை சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன்.

பலருக்குத் தெரியும், நான் முப்பத்துநாலு வருஷம் டூல் ரூமில் வேலை பார்த்தவன். அதோ பூஜை மேஜையில் பொட்டு வைத்து இருக்கிற வெர்னியர், மைக்ரோமீட்டர், இரண்டு அரம் எல்லாம் என்னுடையவை. பக்கத்தில் நம் எலக்ட்ரீஷியன் தம்பியின் கட்டிங் பிளேயர், தோட்டக்காரர் அண்ணனின் அரிவாள், யாரோ ஒருவரின் லேப்டாப். இந்த மேஜைக்கு வராத ஒரு இரும்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜூலை மாதம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பி பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் பெரியவர், பஞ்சாபிலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர், இந்தக் கிளப் ஹவுஸ் வாசலில் நிறுத்தப்பட்டார். இடுப்பில் கத்தி இருக்கிறது, கேட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று செக்யூரிட்டி பையன் சொல்லியிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. நாம் கொடுத்த ரூல் பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது. பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார். நான்கு நாள் சாயங்கால வாக்கிங்கிற்குக்கூட இறங்கி வரவில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் அன்று ராத்திரி பெரிய விவாதம். நானும் எழுதினேன்: "கத்தி கத்திதான். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்." இருபத்துமூன்று பேர் கட்டை விரல் போட்டீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் மனைவி மட்டும் படித்துவிட்டு, "நீங்க அந்தக் கத்தியைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. இரும்போடு வாழ்ந்தவன், ஒரு இரும்பைப் பார்க்காமலே தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியவருக்குத் தமிழ் தெரியாது, என் ஹிந்தி அரைகுறை. மருமகள் நடுவில் உட்கார்ந்து உதவினார். இன்றைக்கும் பின்வரிசையில் அவர் காதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைப் பேசுகிறேன்.

போனதும் டூல் ரூம் புத்தி, கத்தியைக் கொஞ்சம் உருவிக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். வேடிக்கை காட்டுவதற்காக உருவுவதில்லையாம். "ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போடுவேன், அப்போது வாருங்கள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பெயர் கிர்பான். ஒரு சாணுக்குச் சற்று அதிகம், கைப்பிடியோடு சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் விளிம்பு, முனையில் லேசான வளைவு. உறை மரம், மேலே கறுப்புத் தோல், நுனியில் உலோகக் குப்பி. உறையைத் தாங்குவது காத்ரா என்கிற துணிப்பட்டை. வலது தோளில் மாட்டி இடது இடுப்பில் தொங்கும், நம்ம பூணூலுக்கு எதிர்த்திசை. நான் முதலில் பார்த்தது விளிம்பைத்தான். சாணை பிடித்த விளிம்பு இல்லை அது. நம் வீட்டுக் காய்கறிக் கத்தி அதைவிட நூறு மடங்கு ஆபத்தானது. எல்லாக் கிர்பானும் மழுங்கலாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. கூர் தீட்டியவையும் உண்டு. ஆனால் வாங்கும்போதே கூர் இல்லாமல் வருபவை நிறைய.

அவருடையது சர்ப்லோஹ். முழுக்க இரும்பு என்று அர்த்தம். குரோமியம் நிக்கல் சேர்த்த ஸ்டெயின்லெஸ் அல்ல. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பலவும் ஸ்டெயின்லெஸ்தான், பளபளவென்று இருக்கும், துரு வராது. ஆசாரம் பார்ப்பவர்கள் இரும்பைத்தான் விரும்புவார்கள். இரும்பென்றால் துரு. பஞ்சாபின் காய்ந்த காற்றில் மாதம் ஒருமுறை துடைத்தால் போதுமாம். இங்கே நம்ம கடல் காற்றில் பத்தே நாளில் விளிம்போரம் சிவப்புப் புள்ளி வந்துவிட்டது என்று காட்டினார். கடுகெண்ணெய்தான் ஊரில் வழக்கம். இங்கே வந்து தேங்காய் எண்ணெய்க்கு மாறிவிட்டாராம். நம் பால்கனிக் கிரில்லுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிற நமக்கு அந்தக் கஷ்டம் புரியாதா?

பிடியைக் கழற்றிக் காட்டவில்லை, ஆனால் ரிவெட் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அலகின் காம்பு பிடியின் முழு நீளத்துக்கும் போகிறது. அலங்காரப் பொருளுக்கு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், அரை அங்குலக் காம்பை ஒட்டிவிட்டு விடுவார்கள். அலகில் சுத்தியல் தடம் மெலிதாகத் தெரிந்தது. கொல்லன் அடித்ததுதான். இந்த வேலைக்கென்றே சிக்லீகர் என்று ஒரு சமூகம் இருந்தது. அந்தப் பெயரே மெருகு போடுபவர் என்ற பொருளில் வந்தது. சீக்கியப் படைகளுக்கு ஆயுதம் செய்து, தீட்டிக் கொடுத்தவர்கள். இன்று அவர்களில் பலர் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், கர்நாடகப் பக்கமெல்லாம் சிதறி, கடாய் செய்தும் பூட்டு சாவி போட்டும் பிழைக்கிறார்கள். நம்ம பக்கத்துக் கொல்லர்களின் கதையும் கிட்டத்தட்ட அதுதானே.

சரி, இதை எதற்கு அணிகிறார்கள்? 1699, வைசாகி நாள், ஆனந்தபூர். குரு கோவிந்த் சிங் கூடியிருந்த ஜனங்களுக்கு முன்னால் உருவிய வாளோடு நின்று, ஒரு தலை வேண்டும், யார் தருகிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் எழுந்தார். கூடாரத்துக்குள் அழைத்துப் போனார். ரத்தம் சொட்டும் வாளோடு தனியாக வெளியே வந்து, இன்னொரு தலை என்றார். இப்படி ஐந்து முறை. கடைசியில் ஐந்து பேரும் புது உடையில் உயிரோடு வெளியே வந்தார்கள் என்பது சீக்கியர்கள் சொல்லும் வரலாறு. இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து, இருபக்கமும் விளிம்புள்ள வாளால் கலக்கி, அந்த ஐவருக்கும் கொடுத்தார். பிறகு அவர்கள் கையால் தானும் வாங்கிக் குடித்தார். அந்தத் தீட்சை பெற்றவர்கள், ஆணோ பெண்ணோ, அணிய வேண்டிய ஐந்தில் ஒன்று கிர்பான். எழுந்த ஐந்து பேரில் ஒருவர் பீதரைச் சேர்ந்தவர், நம் பக்கத்துக் கர்நாடகக்காரர். இன்னொருவர் பூரி. பஞ்சாபிகளின் சமாச்சாரம் என்று நாம் நினைப்பதன் தொடக்கத்திலேயே ஒரு தென்னிந்தியர் இருந்திருக்கிறார். 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகையோடு தமிழ்நாட்டில் ஓட்டுக் கேட்ட தமிழ் சீக்கியர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

இந்தத் தலை கேட்ட கதையை அவர் சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு இடம் ஞாபகம் வந்தது. இங்கிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. மாமல்லபுரம், ஐந்து ரதத்தில் சின்னது, குடிசைக் கூரை மாதிரி இருக்குமே, திரௌபதி ரதம். எத்தனை தடவை விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்போம்! யானை பக்கத்தில் போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுவோம். அடுத்த முறை அந்தக் குடிசைக்குள் பின்சுவரைப் பாருங்கள். நான்கு கையோடு கொற்றவை நிற்கிறாள். காலடியில் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். அதில் ஒருவன் ஒரு கையால் தன் தலைமுடியைத் தானே பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கழுத்தில் வாளை வைத்திருக்கிறான். எதிரில் எதிரி யாரும் கிடையாது. நவகண்டம் என்பார்கள், அரிகண்டம் என்பார்கள். வராக மண்டபத்திலும் இதே காட்சி உண்டு. 7ஆம் நூற்றாண்டு.

ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. நடுவில் ஆயிரம் வருஷம், இரண்டாயிரம் கிலோமீட்டர். இங்கே அவன் தலையைக் கொடுக்கிறான், அங்கே கொடுக்க வந்தவனிடம் தலையையும் விட்டுவிட்டு வாளையும் கொடுத்து அனுப்புகிறார்கள். பெரிய வித்தியாசம். ஆனால் அடுத்தவனை வெட்டுவதற்கு மட்டும்தான் வாள் என்று இந்த மண்ணிலும் யாரும் நினைத்திருக்கவில்லை என்பது அந்தச் சுவரில் இருக்கிறது. நான் குரூப்பில் எழுதியதற்கு நேர் எதிரான பதில், நம் வீட்டுப் பக்கத்திலேயே, கல்லில்.

பெரியவரிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது: குருத்வாராவில் அல்வா மாதிரி ஒரு பிரசாதம் செய்வார்கள், கடா பிரசாத். அதை எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன்னால் கிர்பானால் தொடுவார்கள். தன் கிர்பான் வாழ்நாளில் செய்த வேலை பெரும்பாலும் அதுதான் என்றார்.

கத்தியின் வேலை வெட்டுவது மட்டும் இல்லை என்பதற்கு நம்ம பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மாமல்லபுரம் சிற்பிகளின் உளி. ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கருங்கல் ஒரு நாளில் எத்தனையோ உளியின் முனையை மழுக்கிவிடும். சாயங்காலம் உலையில் போட்டு, அடித்து முனை எடுத்து, துவைச்சல் போடுவார்கள். சூடான முனையைத் தண்ணீரில் காட்டி எடுத்து, நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான நிறத்தில் மறுபடி முக்குவது. ஒரு கணம் முந்தினால் முனை கண்ணாடி மாதிரி உடையும், பிந்தினால் கல்லில் மடங்கும். எங்கள் கம்பெனியில் இதற்கு லட்ச ரூபாய் ஃபர்னஸ் இருந்தது. அங்கே ஒருவரின் கண் அந்த வேலையைச் செய்கிறது. இப்படி நூறு உளி தேய்ந்து ஒரு சிலை முடிந்தபிறகு, கண் திறக்க மட்டும் ஸ்தபதி பொன் உளி எடுப்பார். தங்கத்தால் கருங்கல்லைச் செதுக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? செதுக்க வேண்டிய வேலை எல்லாம் முடிந்துவிட்டது. அந்த உளி வேறு வேலைக்கு வருகிறது.

இனி நம் ரூல் பேப்பருக்கு வருகிறேன். கிர்பான் அணிவதும் கொண்டுசெல்வதும் சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதில் அடக்கம் என்று அரசியல் சாசனத்தின் 25வது பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. உள்நாட்டு விமானத்திலேயே, அலகு 6 அங்குலமும் மொத்தம் 9 அங்குலமும் தாண்டாமல் இருந்தால் அனுமதி என்று 2022 மார்ச்சில் விதி வந்தது. விமானத்தில் உட்காரலாம், நம் கேரம் போர்டு முன்னால் உட்காரக் கூடாது என்றால் எப்படி?

குழந்தைகள் விளையாடும் இடம் என்று டி பிளாக் மேடம் கேட்டது நியாயமான கேள்வி. அதைச் சிரித்து ஒதுக்க நான் தயாரில்லை. கனடாவில் ஒரு பள்ளி மாணவனின் கிர்பான் மைதானத்தில் விழுந்து, வழக்காகி, 2006இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. முழுத் தடை செல்லாது என்று தீர்ப்பு. கத்தரிக்கோலும் பேஸ்பால் மட்டையும் இருக்கிற பள்ளியில் இதை மட்டும் ஏன் என்று கேட்டார்கள். ஆனால் மர உறையில் இருக்க வேண்டும், உறையைத் துணியில் வைத்துத் தைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. இரண்டு தரப்பையும் கேட்ட தீர்ப்பு அது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, உறையின் வாயில் தானே கட்டியிருக்கும் நாடாவைக் காட்டினார். பேரக் குழந்தைகள் இழுக்காமல் இருக்க வருஷக்கணக்காகக் கட்டுகிறாராம்.

அதனால் பொதுக்குழுவுக்கு எழுத்துமூலம் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். "கூர்மையான ஆயுதங்கள்" என்ற வரிக்குக் கீழே, சீக்கியர்கள் உறையில் அணியும் கிர்பானுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி. செக்யூரிட்டி ஏஜென்சிக்கும் தமிழிலும் ஹிந்தியிலும் அந்த வரி போக வேண்டும். பையன்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவருக்கு வாயால் சொன்னால் போதாது. எதிர்த்து ஓட்டுப் போட நினைப்பவர்கள் முதலில் பி பிளாக் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து போடுங்கள், நான் செய்யாததை.

இன்று காலை பூஜைக்கு வைக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். உடம்பை விட்டுக் கழற்றுவதில்லை என்றார். அதனால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, கும்பிட்டுவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு போனார்.

பெரியவரே, ஜூலையில் நான் எழுதியதற்கு மன்னியுங்கள். மருமகளே, இதை மட்டும் சுருக்காமல் அப்படியே சொல்லும்மா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வேன் காலை ஆறரைக்கு மெயின் கேட்டிலிருந்து கிளம்பும். ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், 40 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. பெயர் கொடுக்க வேண்டியவர்கள் என்னிடம் கொடுங்கள். பதினோரு சீட் மீதி இருக்கிறது. முன் சீட் பெரியவருக்கு.