ஆடிக் காத்தும் ஒரு கால் பெல்ட்டும்

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்வி: "நீங்க இருக்கிறது அடி அண்ணாமலை. வாசலைத் திறந்தா மலை. அப்புறம் ஏன் பறக்கிறதுக்கு ஏலகிரி, காம்ஷெட், பீர்னு பேக்கைத் தூக்கிட்டு அலையறீங்க?"

இதையே எங்க தெரு டீக்கடை பெரியவர் வேற மாதிரி கேட்பார். "ஏன் தம்பி, சாமி மலை மேலேர்ந்து குதிக்க மனசு வரலையா?" அவர் கேட்கிறதுலயே பாதி பதில் இருக்கு. இந்த மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர் ஜனங்க செருப்பில்லாம நடக்கிறாங்க. அவங்க கும்பிடுற உச்சியில நான் ஹெல்மெட்டோட நின்னு காத்துப் பார்த்துக்கிட்டிருக்க முடியாது. வனத்துறை அனுமதி இல்லாம மேலே ஏறவும் கூடாது. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

ஆனா அனுமதி கிடைச்சாலும் நான் பறக்க மாட்டேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

அண்ணாமலை 2,668 அடி உயரம். பெரிய மலைத்தொடர் எதுவும் ஒட்டி இல்லாம சமவெளியில தனியா நிக்குது. தனி மலைன்னா காத்து அதுமேல ஏறி மட்டும் போகாது, ரெண்டு பக்கமும் வளைஞ்சு ஓடி பின்னாடி போய்ச் சுழலும். ஆத்து நடுவுல ஒரு பாறை இருந்தா அதுக்குப் பின்பக்கம் தண்ணி எப்படிச் சுழிக்கும்? அதே கதைதான், ஆனா இந்தச் சுழல் கண்ணுக்குத் தெரியாது. ஆடி மாசம் தென்மேற்குக் காத்து அடிக்கும்போது மலைக்கு மேற்கே இருக்கிற எங்க ஊர் முகத்துல நேரா வாங்கும். கிழக்கே பெரிய கோயில், டவுன் எல்லாம் மலையோட முதுகுப் பக்கம். அந்தப் பக்கம் கிளைடர் போனா இறக்கை மடங்கும். கார்த்திகைல காத்து வடகிழக்குக்கு மாறிடும். சந்தேகம்னா தீபம் ஏத்தின மறுநாள் உச்சியைப் பாருங்க, புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய விண்ட்சாக் கிடையாது.

சரி, புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம். ஹேங் கிளைடர்னா அலுமினியக் குழாய்ச் சட்டம் போட்ட முக்கோண இறக்கை. பைலட் அதுக்குக் கீழே குப்புறப் படுத்த மாதிரி தொங்கி, உடம்பை இப்படி அப்படி நகர்த்தித் திருப்புவார். பாராகிளைடர்ல சட்டமே இல்லை, துணிக்குள்ள காத்து நிரம்பி நின்னாத்தான் அது இறக்கை. நம்ம நாட்டுல இப்போ பெரும்பாலும் பாராகிளைடர்தான். ஹேங் கிளைடரை ஜீப் மேல கட்டித் தூக்கிட்டுப் போகணும், இதை முதுகுல மாட்டிக்கிட்டு பஸ்ல ஏறிடலாம். ரெண்டுக்கும் எஞ்சின் கிடையாது. மத்தியானம் பருந்து எப்படி இறக்கையை அடிக்காம வட்டம் போட்டு ஏறுதோ, அதே வெயில் சூட்டுல எழும்புற காத்துதான் பெட்ரோல்.

அந்த ஒரே பெட்ரோலை வச்சு எவ்வளவு தூரம் போகலாம்? 2012 ஜூலைல டெக்சாஸ்ல சபாட்டாங்கிற ஊர்லேர்ந்து டஸ்டின் மார்ட்டின்னு ஒருத்தர் ஹேங் கிளைடர்ல ஒரே பகல்ல 764 கிலோமீட்டர் போனார். சென்னைலேர்ந்து கன்னியாகுமரிக்கு ரோட்டுல போற தூரத்தைவிட அதிகம்.

போட்டின்னதும் யார் உயரத்துல பறக்கிறாங்கன்னு பார்ப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. காலையில வானிலையைப் பார்த்து அன்னைக்கான பாதையை போர்டுல எழுதுவாங்க. இந்த மலை, அந்தப் பாலம், அடுத்து ஒரு கிராமம், கடைசியா கோல். ஒவ்வொண்ணையும் தொட்டேன்னு ஜிபிஎஸ் பதிவு காட்டணும். யார் சீக்கிரம் முடிக்கிறாங்களோ அவங்களுக்கு அதிகப் புள்ளி. ஹேங் கிளைடிங் உலகப் போட்டி 1976ல ஆஸ்திரியாவுல கோசன்ல ஆரம்பிச்சது. பாராகிளைடிங் உலகக்கோப்பை 2015ல முதல்முறையா இந்தியாவுக்கு, இமாச்சல்ல பீர் பில்லிங்குக்கு வந்தது. 2024 நவம்பர்ல திரும்பவும் வந்தது. நமக்குப் பக்கத்துல கேரளா வாகமண்ல 2024லயும் 2025லயும் மார்ச் மாசம் சர்வதேசப் போட்டி நடந்தது. அது வேற ரகம், தரையில குறிச்ச புள்ளில யார் துல்லியமா கால் வைக்கிறாங்கன்னு பார்க்கிறது. பார்க்க ரொம்ப ஜாலியா இருக்கும், ஒரு தடவை போங்க.

இந்தப் போட்டிகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பரிசு கிடையாது, ரேடியோ. மேலே பறந்துக்கிட்டிருக்கிற பைலட்டே "லெவல் ஒண்ணு", "லெவல் ரெண்டு", "லெவல் மூணு"ன்னு சொல்லலாம். ஒண்ணுன்னா காத்து ஓகே. மூணுன்னா ஆபத்து. மூணு நிறைய வர ஆரம்பிச்சா நடத்துறவங்க அன்னைய பந்தயத்தையே நிறுத்திடுவாங்க. யோசிச்சுப் பாருங்க, முன்னாடி போய்க்கிட்டிருக்கிறவன் "மூணு"ன்னு சொன்னா அவனோட ஜெயிப்பும் போச்சு. ஆனாலும் சொல்றாங்க. பயமா இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு பட்டன் வச்சிருக்கிற விளையாட்டு வேற எதுவும் எனக்குத் தெரியலை.

ஏன் அவ்வளவு கவனம்? 2007 பிப்ரவரி 14. ஆஸ்திரேலியாவுல மனில்லா. உலகப் போட்டிக்கு முன்னாடி பயிற்சிக்குப் பறந்துக்கிட்டிருந்தாங்க. ஏவா விஸ்னியர்ஸ்காங்கிற ஜெர்மன் அணி பைலட்டை ஒரு இடிமேகம் உள்ளே இழுத்துடுச்சு. 9,946 மீட்டர் வரைக்கும் தூக்கிட்டுப் போச்சு. கிட்டத்தட்ட எவரெஸ்டுக்கு மேல இன்னொரு கிலோமீட்டர். ஆக்சிஜன் இல்லாம 40 நிமிஷத்துக்கு மேல மயக்கம், உடம்பெல்லாம் பனிக்கட்டி. முழிச்சு, இறங்கி, உயிரோட வந்தாங்க. அதே மேகக்கூட்டத்துல மாட்டின சீன பைலட் வரலை. நம்ம ஆளுங்க ஏவா வீடியோவை மட்டும் ஃபார்வர்டு பண்ணுவாங்க. பைலட்கள் பேசுறப்போ அந்த ரெண்டாவது ஆளைப் பத்தித்தான் பேச்சு வரும்.

இப்போ என் கதை. இதை இதுவரைக்கும் எங்கேயும் சொன்னதில்லை.

காம்ஷெட் பக்கம் ஒரு குன்று. சாயங்காலக் காத்து அருமையா இருந்தது. எனக்கு முன்னாடி நாலு பேர் பறந்துட்டாங்க, சூரியன் இறங்குது, எனக்கு அவசரம். ஹார்னஸை மாட்டினேன், நெஞ்சு பெல்ட்டைப் போட்டேன், அந்த நேரம் போன் அடிச்சது, எடுத்துப் பேசினேன். வச்சுட்டு இறக்கையைத் தூக்கத் தயாரா நின்னேன். எனக்கு ரெண்டு வாரம் அப்புறம் கத்துக்க வந்த ஒரு பொண்ணு, பின்னாடி உட்கார்ந்திருந்தவ, ரொம்ப மெதுவா சொன்னா. "அண்ணா, கால் பெல்ட்."

குனிஞ்சு பார்த்தேன். ரெண்டும் தொங்குது. கால் பெல்ட் போடாம எழும்பினா என்ன ஆகும்னு பறக்கிறவங்களுக்குத் தெரியும். உட்கார முடியாது, ஹார்னஸுக்குள்ளேர்ந்து கீழே வழுக்குவோம், அக்குள்ல மாட்டித் தொங்குவோம். கை எவ்வளவு நேரம் தாங்கும்? 2018ல சுவிட்சர்லாந்துல ஹேங் கிளைடர்ல ஒரு பயணியைக் கொக்கில மாட்டவே மறந்துட்டு பைலட் ஓடிட்டார். அந்த மனுஷன் ரெண்டு நிமிஷத்துக்கு மேல கையால பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வந்து, மணிக்கட்டு உடைஞ்சு பிழைச்சார். அந்த வீடியோவைப் பார்த்து "எப்படிடா மறப்பான்?"னு சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

ஹேங் கிளைடிங்ல இதுக்குன்னே ஒரு பழக்கம் இருக்கு, ஹேங் செக். ஓடுறதுக்கு முன்னாடி பைலட் நிஜமாவே தொங்கிக் காட்டணும், பக்கத்துல ஒருத்தர் கொக்கியைக் கண்ணால பார்க்கணும். நடுவுல எது குறுக்கே வந்தாலும், ஒரு போன் வந்தாலும், திரும்ப முதல்லேர்ந்து. நான் அன்னைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலை. அவ்வளவுதான் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு அப்புறம் பண்ணினேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு, குரூப்ல யார்கிட்டயும் மூச்சு விடலை. ரெண்டு வருஷம். மானப் பிரச்சனை. பிரிட்டன்ல அவங்க சங்கம் விபத்து, மயிரிழையில தப்பினது எல்லாத்தையும் தொகுத்து வெளியிடுது, யாரைத் திட்டுறதுக்கும் இல்லை, அடுத்தவன் படிக்கிறதுக்கு. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல சன்செட் போட்டோ வரும், பிறந்தநாள் கேக் வரும். "இன்னைக்கு நான் செத்திருப்பேன்"னு யாரும் போடுறதில்லை. ஒருத்தன் செத்தாத்தான் பேச்சு, அதுவும் "அவன் ஓவரா போனான்"ங்கிற பேச்சு.

2025 ஜனவரியில குல்லு பக்கம் தமிழ்நாட்டுலேர்ந்து சுற்றுலா போன ஒரு இளைஞர் பாராகிளைடிங் விபத்துல இறந்தார். அதே மாசம் கோவாவுல ஒரு பயணியும் பைலட்டும் இறந்தாங்க. லீவுல போய் "டேண்டம் அடிக்கலாம்டா"ன்னு கிளம்புற நம்ம வயசு ஆளுங்கதான் இவங்க. அதனால கேளுங்க, கூச்சப்படாதீங்க. பைலட்கிட்ட லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்க. ரிசர்வ் பாராசூட் எங்கே இருக்குன்னு கேளுங்க. உங்க கால் பெல்ட்டை நீங்களே இழுத்துப் பாருங்க. "காத்து சரியில்லைன்னா காசு திரும்பத் தருவீங்களா?"ன்னு கேளுங்க, தர மாட்டேன்னா அந்தப் பைலட் காத்துக்காக இல்லை, காசுக்காகப் பறக்கப்போறார்னு அர்த்தம். இமாச்சல்ல மழைக்காலத்துல, ஜூலை 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும், தடை. அப்போ யாராவது "நான் கூட்டிட்டுப் போறேன் ப்ரோ"ன்னா கும்பிட்டுட்டு வந்துடுங்க.

கடைசியா ஒரு நியூஸ். நம்ம குரூப்ல இந்த மாசத்துலேர்ந்து ஒரு தனி இழை ஆரம்பிச்சிருக்கேன். பேர் போட வேண்டாம், ஊர் போட வேண்டாம். என்ன ஆச்சு, எப்படித் தப்பிச்சீங்க, அவ்வளவு போதும். முதல் பதிவு என்னோடது, கால் பெல்ட். நேத்து ராத்திரி வரைக்கும் அதுக்குக் கீழே பதினோரு பேர் எழுதியிருக்காங்க. அதுல ரெண்டு பேர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க.