இடுப்பில் இருந்த துப்பாக்கி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



போலீஸ் வேலையில் எனக்கு வீரக்கதை ஒன்றும் கிடையாது. பயந்த கதை ஒன்றுதான் உண்டு. விருதுநகர் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் ஒரு கைகலப்பை விலக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு பையன் என் இடுப்பு ரிவால்வரில் கை வைத்துவிட்டான். சுற்றிலும் பெண்கள், பிள்ளைகள். வலது கையால் உறையை இடுப்போடு அழுத்திக்கொண்டு, இடது முழங்கையால் அவனைத் தள்ளி, உடம்பைத் திருப்பினேன். ரிவால்வரைத் தோளோடு கட்டியிருந்த கயிறும் கைகொடுத்தது. பயிற்சியில் அந்தக் கயிற்றை, "நாம என்ன மாடா?" என்று கேலி பண்ணினவன் நான்!

2008 நவம்பர் 26 இரவு, மும்பை கிர்காவ்ம் சௌபாத்தியில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே கையில் வெறும் லத்திதான். கசாப்பின் ஏ.கே.47 குழலைப் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார், பிடியை விடவில்லை. அதனால்தான் கசாப் உயிரோடு பிடிபட்டான். ஓம்ப்ளேக்கு 2009-இல் அசோக சக்கர விருது வழங்கப்பட்டது. அவர் பிடித்தது எதிரியின் ஆயுதம். நான் காத்தது என் ஆயுதம். பாடம் ஒன்றுதான்: கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி யார் பிடியிலோ, அவன் பக்கம்தான் பேசும்.

தம்பி, தங்கைகளே, தற்காப்பு உரிமையைச் சட்டம் தருகிறது. தேவைக்கு மேல் தாக்க இடம் தரவில்லை. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? மருந்தைத் தொடுகிறவன் அடுத்தவன் உயிரையும் சேர்த்துத்தான் தொடுகிறான். அன்று நான் சுடவில்லை. அந்தப் பையன் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பான். எனக்கு அது போதும்.