வீட்டுப் பாலர் காப்பகமும் கலைத்திட்டமும்



தொழிலுக்குச் செல்லும் தாய்மார் காலையிலே தம் குழந்தைகளை அயல்வீட்டு அம்மா ஒருவரிடம் ஒப்படைத்து, மாலையிலே திரும்ப அழைத்துச் செல்வது இன்று எமது ஊர்களிலே புதுமையன்று. அம்மம்மாவும் அப்பாச்சியும் கூலியின்றிச் செய்துவந்த பணி அது. குடும்பங்கள் குறுகியதாலும், போர்க் காலத்திலே உறவினர் திக்குக்கொருவராகச் சிதறியதாலும், அது இப்பொழுது ஒரு தொழிலாக உருவெடுத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஒரு கிராமத்திலே அத்தகைய வீடு ஒன்று. வீட்டுக்காரி நடுத்தர வயதினர், க.பொ.த. சாதாரண தரம் வரை படித்தவர். அவரிடம் 7 பிள்ளைகள். கடைக்குட்டிக்கு வயது 2. மூத்தவளுக்கு 5 ஆக இன்னும் மூன்று மாதம். காலை ஏழரை முதல் மாலை ஐந்து மணி வரை அவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதலாண்டு முழுவதும் அவர் சோறூட்டினார், உறங்கவைத்தார், விழுந்தெழுந்த முழங்காலுக்கு மருந்திட்டார். பெற்றோரும் மனநிறைவுடன் இருந்தனர். இரண்டாம் ஆண்டிலேதான், “அங்கே என்ன படிப்பிக்கிறீர்கள்?” என்ற வினா எழுந்தது. விடை தேடி அவர் பட்டணத்துக்குப் புறப்பட்டார்.

புத்தகக் கடையிலே பளபளப்பான பொதியொன்று அவருக்குக் காட்டப்பட்டது. வாரத்துக்கு ஒரு பொருள் என வகுத்து அச்சிட்ட பயிற்சித் தாள்கள். மார்கழி மாதத்துக்கு உரிய பொருள் பனிமனிதன். பனைமரத்தின் கீழே வளரும் பிள்ளை பனிமனிதனுக்கு நிறந்தீட்டுவதாற் பெருங்கேடு எதுவும் விளைந்துவிடாது. ஆயினும் வடலிக்கும் நுங்குக்கும் அப்பொதியிலே ஒரு தாள்தானும் இருக்கவில்லை. விலையோ அவருடைய ஒருமாத வருவாயிற் பாதி.

கலைத்திட்டம் என்பது புத்தகப் பொதியன்று. குழந்தை எவ்வாறு கற்கிறது என்பது பற்றிய ஒரு கொள்கையும், அக்கொள்கைக்கு இயைய ஒரு நாளை ஒழுங்குசெய்யும் முறையுமே கலைத்திட்டம். இதனை முதலில் விளக்கிக் காட்டியவருள் ஒருவர் ஜெர்மானியரான பிரெடரிக் புரோபெல். 1837 ஆம் ஆண்டில் அவர் பாலருக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, பின்னர் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயரிட்டார். நிறநூற் பந்துகளும், மரத்தாலான உருண்டையும் உருளையும் கனவுருவுமே அவர் தந்த பாடநூல்கள். பிள்ளைகளுக்கு உண்மையான தோட்டப் பாத்திகளும் இருந்தன. 1851 இல் பிரசிய அரசு இப்பாலர் தோட்டங்களைத் தடைசெய்தது. குழந்தைகள் பந்து விளையாடுவதிலே ஓர் அரசு என்ன ஆபத்தைக் கண்டதோ!

இத்தாலிய வைத்தியரான மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் உரோமாபுரியின் ஏழைகள் வாழ்ந்த பகுதியொன்றிலே தமது ‘குழந்தைகள் இல்லத்தை’த் திறந்தார். அவர் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப்போர் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலே தங்கினார். 1944 இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். நீர் வார்த்தல், பொத்தான் பூட்டுதல், பெருக்குதல் முதலிய அன்றாடக் காரியங்களையே அவர் கல்வியின் முதற்படியாக வைத்தார். வெவ்வேறு வயதினர் ஒரே அறையிலே கற்பதும் அவர் முறை. இன்று மொண்டிசோரி என்ற பெயரை எந்தப் படலையிலும் எழுதித் தொங்கவிடலாம், அதனைத் தடுப்பாரில்லை. ஆதலின் பெயர்ப்பலகையைக் கண்டு மயங்காது, உள்ளே பிள்ளைகளின் கைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதே தக்கது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே டேவிட் வைக்கார்ட் என்பவரின் குழுவினர் 1967 இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். வறிய குடும்பங்களைச் சேர்ந்த 68 பாலரை மூன்று குழுக்களாக்கினர். ஒரு குழுவினர்க்கு ஆசிரியர் சொல்லப் பிள்ளைகள் ஒப்புவிக்கும் பாடம். மற்றொரு குழுவினர் தாம் செய்யப்போவதைத் தாமே சொல்லி, செய்து, பின் செய்ததை எடுத்துரைத்தனர். மூன்றாவது குழுவினர்க்குப் பெரும்பாலும் விளையாட்டு. தொடக்க ஆண்டுகளிலே மூன்று குழுக்களின் அறிவுத் தேர்வுப் புள்ளிகளும் ஏறத்தாழ ஒருபடித்தாகவே உயர்ந்தன. அவர்கள் 23 வயதினரானபோது, ஒப்புவித்துப் படித்த குழுவிலே குற்றங்களுக்காகக் கைதானோர் மிகுந்திருந்தனர். 68 பேர் என்பது சிறிய தொகை. இம்முடிவை மறுத்தோரும் உளர். அதனை வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், ஒப்புவிக்கும் பிள்ளையே முன்னேறும் பிள்ளை என்று உறுதியாக நம்புவோர் சற்று நின்று எண்ணுவதற்கு அது போதும்.

இனி, நமது வீட்டுக்காரியிடம் வருவோம். பெரும்பாலான கலைத்திட்டங்கள் காலையிலே மூன்று அல்லது நான்கு மணி நேரம் நடைபெறும் முன்பள்ளிக்கென எழுதப்பட்டவை. அவர் வீட்டிலோ பிள்ளைகள் ஒன்பதரை மணி நேரம் தங்குகிறார்கள். கைகழுவுதல், உண்ணுதல், உறங்குதல், துவாய் மடித்தல் என்பவற்றிலேயே அந்நாளின் பெரும்பகுதி கழிகிறது. இவற்றை இடையூறு என ஒதுக்கிவிட்டு எஞ்சிய நேரத்திலே ‘பாடம்’ நடத்த முயன்றால், பிள்ளைகளும் களைப்பர், அவரும் களைப்பார். இவற்றையே பாடமாகக் கொள்வதுதான் வழி. மூத்தவள் பாயிலிருக்கும் ஒவ்வொருவர் முன்னும் ஒரு கோப்பை வைக்கிறாள், ஒன்று குறைகிறது, மீண்டும் குசினிக்கு ஓடுகிறாள். அந்த ஓட்டத்திலே எண் கணிதம் இருக்கிறது.

அடுத்தது, வயது வேறுபாடு. பயறு, உளுந்து, புளியங்கொட்டை என்பவற்றைப் பிரித்தெடுப்பது 4 வயதுப் பிள்ளைக்குக் கண்ணுக்கும் விரலுக்கும் அருமையான பயிற்சி. 2 வயதுக் குழந்தைக்கோ அவை மூக்கினுள்ளும் தொண்டையினுள்ளும் போகும் பொருள்கள். ஆகவே அந்தப் பெட்டி, கடைக்குட்டி மதியம் உறங்கியபின் மட்டுமே திறக்கப்படும் என்று அவர் விதித்துக் கொண்டார். எந்த அச்சுப் பொதியும் இவ்விதியை அவருக்கு எழுதித் தந்திருக்காது. கிணற்றுக்கட்டைச் சுற்றி வேலியடைத்ததையும் அவர் கலைத்திட்டத்தின் முதற் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இறுதியில் அவர் அமைத்தது ஒரு கதம்பம். காலையிலே பாயில் வட்டமாக இருந்து ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்யப்போவதைச் சொல்லும். பகலுணவுக்கு முன் செய்ததைச் சொல்லும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பின்முற்றத்திலே கீரைக்கும் வெண்டிக்கும் நான்கு பாத்திகள். செம்பிலிருந்து குவளைக்கு நீர் வார்த்தல். மர ஆலையிலே கழித்துவிட்ட கட்டைத் துண்டுகள். உறங்குமுன் ஒரு கதை. முறைகளைக் கலப்பது முறையன்று என்று கற்றோர் சிலர் கூறுவர். விளங்காமற் கலப்பது தவறுதான். நாளின் ஒழுங்கு மாறாதிருக்க, அதனுள்ளே தேர்ந்தெடுத்துக் கலப்பது தவறாகாது.

ஆனால் பெற்றோர்? மூத்தவளின் தகப்பன் ஒரு மேசன் தொழிலாளி. ஒருநாள் மாலை அவர் வந்து, “அக்கா, அடுத்த வருடம் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். ஆனா, ஆவன்னாகூட எழுதத் தெரியாது. அடுத்த ஒழுங்கையிலே இவளிலும் சின்னப் பிள்ளை கொப்பி நிறைய எழுதுகிறதாம். அங்கே மாற்றலாம் என்று யோசிக்கிறேன்” என்றார். அவரைப் பேதையென்று எண்ணலாகாது. தாம் இடையிலே விட்ட படிப்பின் வலி அவருக்குத் தெரியும். வீட்டுக்காரிக்கும் ஏழிலே ஒரு பிள்ளை போனால் வருவாயில் ஏழிலொன்று போகும்.

அவர் மறுத்துப் பேசவில்லை. “தம்பி, சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டு எலும்பெல்லாம் இன்னும் முற்றவில்லை. ஆனாவைவிடச் சுழித்து வளைக்கவேண்டிய எழுத்து வேறென்ன இருக்கிறது? டானாவிலும் பானாவிலும் தொடங்கினால் இரண்டு கோடு, மூன்று கோட்டோடு முடிந்துவிடும். முதலிலே மணலில் விரலால் எழுதட்டும். நாளைக்கு மத்தியானம் ஒருதரம் வந்து பாருங்கோ” என்றார்.

மறுநாள் தகப்பன் வந்து திண்ணையிலே இருந்தார். சிறுமி கட்டைத் துண்டுகளால் ஒரு சுவர் எழுப்பியிருந்தாள். கீழ்வரிசையில் இரண்டு கட்டைகள் சேரும் இடத்தின்மேல் மேல்வரிசைக் கட்டையின் நடு வரும்படி அடுக்கியிருந்தாள். பாயிலே அவள் முறை வந்தபோது, நேராக அடுக்கியபோது சுவர் இருமுறை விழுந்ததையும், “அப்பா கல்லு வைக்கிற மாதிரி” மாற்றி வைத்ததையும், பிறகு விழாததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். புறப்படும்போது, “பேரையாவது எழுதப் பழக்கிவிடுங்கோ, அக்கா” என்றார். அதற்கு வீட்டுக்காரி இசைந்தார். அன்று மாலையே ஒரு சுளகிலே குருத்துமணல் பரப்பி, மூத்தவளின் பெயரிலே இலகுவான எழுத்து எது என்று தேடத் தொடங்கினார்.