ஹைப்ரிட் கார் வாங்குமுன் ஒரு குடும்பக் கணக்கு



புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறார். மகன் ஷா ஆலத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய் வருகிறான். பழைய கார் மாதந்தோறும் பட்டறைக்குப் போகிறது. "ஹைப்ரிட் எடுத்தால் எண்ணெய்ச் செலவு பாதியாகிவிடும், அப்பா" என்கிறான் மகன். ஜாமீனுக்குத் தகப்பனாரின் கையெழுத்து வேண்டும். முன்பணத்துக்கு அம்மாவின் சேமநிதிப் பணத்தின்மேல் கண் இருக்கிறது. ஆகவே இது மகன் ஒருவனுடைய காரியம் அன்று. வீட்டார் அனைவரும் உட்கார்ந்து பேச வேண்டிய காரியம். அந்தப் பேச்சுக்கு உதவியாக, இந்நாட்டில் விற்பனைக்கு வந்த இரண்டு வண்டிகளை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று டொயோட்டா கொரோலா கிராஸ் ஹைப்ரிட். மற்றொன்று ஹோண்டா எச்.ஆர்.வி. ஹைப்ரிட். இரண்டும் 2022ஆம் ஆண்டில் இங்கு அறிமுகமாயின. அப்போது முதலாவதன் விலை சுமார் 1,37,000 வெள்ளி. இரண்டாவதன் விலை சுமார் 1,40,800 வெள்ளி. பிறகு விலைகள் மாறியிருக்கின்றன. நீங்கள் போகும் நாளின் விலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலில், ஹைப்ரிட் என்றால் என்ன? பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் ஒரே வண்டியில் சேர்ந்து இருப்பதுதான் ஹைப்ரிட். இந்த இரண்டு வண்டிகளையும் வீட்டுச் சுவரில் சொருகி மின்னேற்றம் செய்ய வேண்டியதில்லை. நாம் பிரேக் மிதிக்கும்போது வீணாகும் வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்க்கிறது. மெதுவாக நகரும்போது அந்த மின்சாரமே வண்டியை இழுக்கிறது, இயந்திரம் ஓய்ந்திருக்கிறது. ஆகவே நின்று நின்று போகும் நெரிசலில்தான் மிச்சம் அதிகம். லத்தார் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் விரைந்து போகிறவருக்கு அந்த அளவு மிச்சம் கிடைக்காது. மகன் தினமும் எந்தச் சாலையில், எந்த நேரத்தில் போகிறான் என்பதே முதல் கேள்வி.

இரண்டு வண்டிகளும் இதை வேறு வேறு வகையில் செய்கின்றன. டொயோட்டாவில் 1.8 லிட்டர் இயந்திரமும் மோட்டாரும் பற்சக்கரத் தொகுதி ஒன்றின் வழியாகச் சேர்ந்து இழுக்கின்றன. ஹோண்டாவில் 1.5 லிட்டர் இயந்திரம் பெரும்பாலும் மின்சாரம் உண்டாக்கித் தருகிறது. சக்கரத்தை மோட்டார்தான் சுழற்றுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் இயந்திரம் நேரே சக்கரத்தோடு இணைகிறது. அதனால் ஹோண்டா சற்றுத் துடிப்பாகக் கிளம்பும். சாலை வரி இயந்திரத்தின் அளவைப் பொறுத்தது. ஆகவே அது 1.5 லிட்டர் வண்டிக்குக் குறைவு, 1.8 லிட்டர் வண்டிக்குக் கூடுதல்.

இனி, தோட்டத்துக்கு வேண்டிய செய்திகளைப் பார்ப்போம். உயரமான தோற்றத்தைக் கண்டு இவற்றைக் காட்டு வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. இங்கு விற்கப்பட்ட இவ்விரண்டும் முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. மழையில் குழைந்த செம்மண் பாதையில் குலை லாரி போகிறது என்பதற்காக இவையும் போய்விடா. இரண்டிலும் ஐவருக்குத்தான் இடம். பாட்டியையும் சேர்த்து வீட்டில் ஆறு பேர் இருந்தால், ஒருவர் பின்தங்க நேரிடும். சாமான் வைக்கும் இடம் டொயோட்டாவில் பெரியது. ஹோண்டாவில் பின்னிருக்கையின் அடிப்பாகத்தை மேலே மடக்கி, உயரமான பொருளை நிறுத்தி வைக்கலாம்.

டொயோட்டாவின் பெரிய மின்கலம் பின்னிருக்கையின் அடியில் இருக்கிறது. அதைக் குளிரவைக்கும் காற்று, இருக்கையோரத்தில் உள்ள துவாரத்தின் வழியாகப் போகிறது. அத்துவாரத்தைப் பையாலோ துணியாலோ அடைத்துவிட்டால் மின்கலம் சூடேறும். செம்மண் தூசி படிந்தாலும் அப்படியே. அதன் வடிகட்டியைக் காலாகாலத்தில் சுத்தம் செய்யவேண்டும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயர்ந்த மின்னழுத்தம் ஓடுகிறது. லயத்துப் பட்டறையில் அவற்றைத் தொட விடக்கூடாது. ஹைப்ரிட் தெரிந்த பட்டறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், எந்த நிபந்தனை மீறினால் அது செல்லாது என்பவற்றை வாங்குமுன் கேளுங்கள். பின்கதவைத் திறந்து, அடித்தட்டைத் தூக்கி, மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஹைப்ரிட் வண்டிகளில் சக்கரத்துக்குப் பதிலாக ஒட்டும் பசையும் காற்றடிக்கும் கருவியும்தான் வைத்திருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து தோட்டத்துச் சாலையில் டயர் கிழிந்தால் பசை உதவாது.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் சிலாங்கூர் மாநிலத்தில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேர்ந்திருப்பதில்லை. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். மின்கலம் உள்ள வண்டிக்கு அந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது.

இப்பொழுது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைப்போம். சாதாரணக் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போனால் 100 லிட்டர் வேண்டும். ஹைப்ரிட் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் போனால் 75 லிட்டர் போதும். மிச்சம் 25 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று அரசாங்கம் விலை வைத்தது. அந்த விலையில் மாத மிச்சம் ஏறக்குறைய 50 வெள்ளி. எச்.ஆர்.வி. அறிமுகமான 2022இல், அதன் உயர்வகைப் பெட்ரோல் வண்டிக்கும் ஹைப்ரிட் வண்டிக்கும் இருந்த வித்தியாசம் சுமார் 6,000 வெள்ளி. மாதம் 50 வெள்ளி மிச்சத்தில் 6,000 வெள்ளியை மீட்க 120 மாதம், அதாவது பத்து ஆண்டு ஆகும்! பெட்ரோல் விலை ஏறினால் இந்தக் காலம் குறையும். ஓட்டம் குறைந்தால் கூடும். உங்கள் வீட்டு ஓட்டத்தை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது தவணை. 1,40,000 வெள்ளி வண்டிக்குப் பத்தில் ஒரு பங்கு முன்பணம் 14,000 வெள்ளி. கடன் 1,26,000. இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்த முறைப்படி, ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வீதம், ஒன்பது ஆண்டு என்று கணக்கிட்டால் வட்டி 34,020 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 1,482 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தவணை கட்டிய பிறகு 218 வெள்ளிதான் கையில் நிற்கும். எண்ணெயும் காப்புறுதியும் டயரும் இன்னும் அதில் சேரவில்லை. மழை மாதத்தில் வேலை குறைந்தால் சம்பளம் குறையும், தவணை குறையாது.

1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு மாதத் தவணை நின்றால் நிதி நிறுவனம் அறிவிப்புக் கொடுத்து, 21 நாளுக்குப் பின் வண்டியை எடுத்துக்கொள்ள வழியுண்டு. விலையில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் கட்டிவிட்டிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். வண்டியை எடுத்துச் சென்று விற்ற பிறகும் கடன் மீந்தால், அது ஜாமீன் போட்டவரையும் தேடி வரும். ஆகவே, பெற்றோர்களே, "சும்மா ஒரு கையெழுத்துத்தானே" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் எதை வாங்கலாம்? இரண்டு நிலையான சம்பளம் வந்து, தினமும் நகர நெரிசலில் போய் வரும் குடும்பத்துக்கு இரண்டும் தகுந்தவையே. சாமான் அதிகம் ஏற்றுபவருக்கு டொயோட்டா. இருக்கையை மடக்கி உயரமான பொருள் கொண்டுபோகிறவருக்கு ஹோண்டா. ஆனால் மேல்நேர வேலைச் சம்பளத்தை நம்பித்தான் தவணை கட்ட முடியும் என்றால், இரண்டுமே வேண்டாம். சிறிய பெட்ரோல் கார் ஒன்று அதே மகனை அதே தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான் நமக்கு. ஓய்வுபெறும் நாளில் சொந்தக் கூரைக்கு வேண்டிய சேமநிதியைக் காரின் முன்பணமாக்க வேண்டாம்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று மாதம், அந்தத் தவணைத் தொகையைச் சம்பள நாளன்றே வங்கியில் போட்டு வையுங்கள். வீடு தட்டுப்பாடின்றி நடந்தால் கடைக்குப் போகலாம். நடக்கவில்லையென்றால், சேர்ந்த பணமாவது உங்களிடம் இருக்கும்.