2,700 வால்வுகள்

ஏதாவது செல்போன் கடையில், பின்மூடி கழற்றிய போனைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூளை, நகத்தளவு கறுப்புச் சில்லு.

மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் ஓடத் தொடங்கிய டிஃப்ராக் கணினிக்கோ சுமார் 2,700 வால்வுகள் தேவைப்பட்டன! பழைய ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே, அந்த வால்வுதான். நினைவகம் ஏறத்தாழ 10 கிலோபைட். இன்று நாம் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. ஆனாலும் அதை முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம். வடிவமைத்த குழுவை நடத்தியவர் நம் சென்னையில் பிறந்த ரங்கசாமி நரசிம்மன். நேரு 1962-இல் கணினிக்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

பிறகு டிரான்சிஸ்டர், ஐ.சி., மைக்ரோபிராசசர் என்று தலைமுறைகள் மாறின. 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு வடிவமைத்த ‘சக்தி’ சில்லு, சண்டிகர் அருகே நம் நாட்டு ஆலையிலேயே தயாரானது.