லயத்து வீடும் விளக்குமாறும்



சப்ரகமுவத் தோட்டமொன்றில் சேவல் கூவுமுன்பே விளக்குமாற்றின் ஓசை கேட்டுவிடும். பெரட்டுக்குப் போகுமுன், கொழுந்துக் கூடையையோ பால்வாளியையோ கையில் எடுக்குமுன், இருட்டோடு எழுந்த தாய் ஒருத்தி தன் வாசலைக் கூட்டுகின்ற ஓசை அது. ஒரு காம்பராவில் எழுந்த ஒலி அடுத்த காம்பராவுக்குப் பரவி, சிறிது நேரத்தில் லயம் முழுவதும் கேட்கும். யட்டியந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த ஓசை தாலாட்டைப் போலப் பழகிப்போன ஒன்று.

வீட்டைத் துப்புரவு செய்வதற்கு வேண்டிய கருவிகளையும் பொருள்களையும் எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். விளக்குமாற்றைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தகாத பொருளைத் தேர்ந்தால் காசு வீணாகிறது. உழைத்துக் களைத்த உடம்பு மேலும் களைக்கிறது. சில வேளைகளில் உயிருக்கே ஊறு நேர்கிறது. ஆதலால் பேச வேண்டியது நிரம்ப இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்குச் சுத்தம் போதாது என்று வெளியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படிச் சொல்கிறவர்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஓர் அறையில், புகையும் அடுப்பை ஒரு மூலையிலும் அரிசி மூட்டையை மறு மூலையிலும் வைத்து, ஐந்தாறு பேரோடு ஒரு மாரிகாலம் குடியிருந்து பார்க்க வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சுவர் காய்வதில்லை, துணி உலர்வதில்லை, காலில் ஒட்டிய சேறு இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே வருகிறது. இத்தனைக்கும் நடுவே பாத்திரத்தைக் கண்ணாடிபோல் துலக்கி அடுக்கி வைக்கின்ற பெண்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஊக்கம் குறைவில்லை. எந்த அழுக்கை எந்தப் பொருள் வெல்லும் என்ற அறிவும் சேர்ந்துவிட்டால் அவர்களுடைய உழைப்பிற் பாதி மிச்சமாகும்.

நமது தோட்டங்களின் வரலாறே இதற்குச் சான்று பகரும். 1916 ஆம் ஆண்டில் ராக்பெல்லர் அறநிலையத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் தொடங்கியபோது, தோட்டங்களிலேதான் முதலில் வேலை நடந்தது. வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் புழு உடலினுள் புகுகிறது என்று அறிந்த பின்னரே, மலகூடத்தின் அருமையும் செருப்பின் அருமையும் விளங்கின. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கியது. நுளம்பு எங்கே பிறக்கிறது, எங்கே தங்குகிறது என்று தேடித் தேடி ஒழித்து வந்ததன் பயனாக, 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோய் வரும் வழியை முதலில் அறிவது, கருவியை அதன்பின் தேர்வது: நாடு கற்ற இப்பாடம் நம் காம்பராவுக்கும் பொருந்தும்.

நம் வீடுகளில் சேரும் அழுக்கை நான்காக வகுக்கலாம். முதலாவது, மண்ணும் புழுதியும். இரண்டாவது, கரியும் எண்ணெய்ப் பிசுக்கும். மூன்றாவது, ஈரத்தால் சுவரிலும் தரையிலும் படரும் பாசியும் பூஞ்சணமும். நான்காவது, கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமி. இந்த நான்குக்கும் ஒரே போத்தலில் மருந்து உண்டு என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மண்ணுக்கும் புழுதிக்கும் விளக்குமாறு போதும். ஆனால் வாசலுக்கு ஒன்று, வீட்டுக்குள்ளே ஒன்று என இரண்டு வேண்டும். வாசலுக்கு ஏற்றது தென்னை ஈர்க்கு. முற்றிய ஓலையில் வாரிய ஈர்க்காகப் பார்த்து எடுங்கள். இளம் ஈர்க்கு நான்கு நாளில் வளைந்துவிடும். கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். கையில் பிடித்து உதறினால் ஓர் ஈர்க்கும் கழலக்கூடாது. சிமெந்துத் தரைக்குத் தும்புத்தடி நல்லது. நீண்ட பிடியுள்ளதாக வாங்குங்கள். நாள் முழுவதும் மலைச்சரிவிலே குனிந்து நிமிர்ந்த முதுகு, வீட்டிலும் குனிய வேண்டியதில்லை. தேய்த்துக் கழுவும் இடங்களுக்குக் கித்துள் தும்பில் கட்டிய தூரிகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கித்துள் மரம் சப்ரகமுவக் காட்டின் செல்வம். அதன் தும்பு முரடானது. நீரில் எளிதில் மக்காது. அதனாலேயே தூரிகை செய்வோர் கடல் கடந்தும் அதை விரும்பி வாங்கினார்கள். எந்த விளக்குமாறாயினும் வேலை முடிந்ததும் உதறி, தலை நிலத்திற் படாதபடி தொங்கவிடுங்கள். ஈரத் தரையில் சாத்தி வைத்த விளக்குமாறு தானே அழுகி, அழுக்கை வீடெங்கும் பூசும்.

இனித் துணியைப் பற்றி ஒரு சொல். தரை துடைக்கப் பழைய பருத்திச் சேலையும் சாரமும் மிக நல்லவை. அவை நீரை உறிஞ்சும். நைலக்ஸ் துணி நீரைத் தள்ளிக்கொண்டு போகுமேயன்றி உறிஞ்சாது. அடுப்படித் துணி வேறு, தரைத் துணி வேறு, மலகூடத்துத் துணி வேறு. மூன்றுக்கும் மூன்று நிற நூலால் ஓரத்தில் அடையாளம் தைத்துவிட்டால், சிறு பிள்ளையும் மாற்றி எடுக்காது. வாளிகளுக்கும் இதுவே விதி.

இரண்டாவது அழுக்கு கரியும் பிசுக்கும். விறகடுப்பு உள்ள வீட்டில் இது ஓயாத போர். நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலையும் தேங்காய்ப் பொச்சையும் கொண்டே இப்போரை வென்றார்கள். சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரத்தைப் போல வேலை செய்கிறது. ஆனால் அக்காலத்தில் மண்சட்டியும் பித்தளையும் இருந்தன. இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் அலுமினியம். சாம்பற் காரம் அலுமினியத்தை அரிக்கும். ஆகவே அலுமினியச் சட்டிக்குச் சவர்க்காரமும் பொச்சும் போதும்; உட்புறம் கறுத்திருந்தால் எலுமிச்சைத் தோலையோ சிறிது புளியையோ இட்டுத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். பித்தளை விளக்குக்கும் செம்புக்கும் புளியே சிறந்தது. சாம்பல் பயன்படுத்துவதாயின் விறகுச் சாம்பலைச் சலித்து எடுங்கள். பிளாஸ்டிக்கும் றப்பரும் எரிந்த சாம்பல் பாத்திரத்துக்கு ஆகாது. சட்டியை அடுப்பில் ஏற்றுமுன் அதன் அடியில் சவர்க்காரத்தையோ களிமண்ணையோ மெல்லப் பூசிவிட்டால், கரி அதன்மேல் படிந்து கழுவும்போது எளிதில் போய்விடும்.

மூன்றாவது, பாசியும் பூஞ்சணமும். ஈரச் சுவருக்கு ஏற்ற மலிவான மருந்து சுண்ணாம்பு. அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது. சுவரின் வெண்மை இருண்ட காம்பராவுக்கு வெளிச்சமும் தரும். நீற்றாத சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. ஆகவே நீற்றிய சுண்ணாம்பையே வாங்குங்கள். இதனை நாலைந்து வீட்டார் கூட்டாக வாங்குவது மேலானது. ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் லயத்தில், ஒரு பக்கம் மட்டும் பூசுவதாற் பயன் என்ன?

நான்காவதாகிய கிருமிக்கு வருவோம். இங்குதான் நான் உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

நான் சிறுமியாக இருந்த காலத்தில், எங்கள் லயத்தில் ஒரு வீட்டார் மலகூடம் கழுவுவதற்கென்று சிறிது அமிலத்தைச் சோடாப் போத்தலொன்றில் ஊற்றி, இஸ்தோப்பு மூலையில் வைத்திருந்தார்கள். வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவந்த நாலு வயதுப் பையன் அதை எடுத்து வாயில் வைத்தான். ஒரே மிடறுதான். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் தொண்டை சுருங்கிப் போனது. அவன் வயதுப் பிள்ளைகள் ரொட்டி தின்னும்போது, பல காலம் அவன் கஞ்சியை மட்டுமே குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தாய் சுத்தத்துக்குப் பேர்போனவள். அவளிடம் குறை கண்டவர் எவருமில்லை. பொருளைத் தேர்ந்ததிலும் வைத்ததிலும் நேர்ந்த பிழை அது.

ஆகையால், தாய்மார்களே, கடையில் வாங்கிய போத்தலை மாற்றாதீர்கள். குடிக்கும் போத்தலில் அமிலத்தையோ மண்ணெண்ணெயையோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். றப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைக்கும் போர்மிக் அமிலம் கறையை நன்றாக அகற்றுகிறதே என்று அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். புல்லுக்கு மருந்தடித்த வெறுங்கலனை எத்தனை முறை கழுவினாலும் அது வாளியாகாது. மீறி ஒரு பிள்ளை அமிலத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். வாயை நீரால் கொப்பளிக்கச் செய்து, அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். 1990 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தால் அம்பியூலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.

கிருமியைக் கொல்ல மலிவாகக் கிடைப்பது வெளிற்றுத் தூள். பிளீச்சிங் பவுடர் என்று கடையில் கேட்போமே, அதுதான். அதனை அமிலத்தோடு சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். மலகூடத்துக்கு இரண்டையும் சேர்த்து ஊற்றினால் இரட்டிப்புப் பலன் என்று சிலர் எண்ணுகிறார்கள். காற்றோட்டமில்லாத சிறு அறையில் அது மூச்சையே அடைத்துவிடும். ஒரு வேளைக்கு ஒன்றே. மேலும், இத்தூள் நம் மாகாணத்து ஈரக் காற்றில் விரைவில் வலிமை இழக்கும். ஆதலால் பெரிய பொதி மலிவு என்று வாங்காமல், சிறிதாக வாங்கி மூடியுள்ள கலத்தில் வையுங்கள். வாசனைத் திரவங்களில் ஏமாறாதீர்கள். மணம் வேறு, தூய்மை வேறு.

வெள்ளம் வந்து வடிந்த வீட்டைத் துப்புரவு செய்வது தனிக்கலை. 2003 ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017 ஆம் ஆண்டு மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே எலிக்காய்ச்சல் உடலுக்குட் புகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இந்நோய் ஆண்டுதோறும் உயிர்களைக் காவுகொள்கிறது. ஆகவே வெள்ளத்துக்குப் பின் நீங்கள் முதலில் எடுக்க வேண்டிய துப்புரவுக் கருவி ஒரு சோடி றப்பர்ச் சப்பாத்து, அடுத்தது கையுறை. பின்னர் மண்வெட்டியால் சேற்றை அள்ளி, நீரூற்றிக் கழுவி, இறுதியிலேதான் வெளிற்றுத் தூளைக் கரைத்து ஊற்ற வேண்டும். சேறு இருக்கும்போது ஊற்றினால் மருந்தின் வலிமையைச் சேறே தின்றுவிடும். நல்ல தூளாயின் ஒரு லீற்றர் நீருக்கு 15 கிராம் போதும்; பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். அதே கரைசலால் நனைத்துத் துணியால் எடுங்கள். காய்ச்சல் கண்டால் சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாமற் சொல்லுங்கள்.

வாசலைக் கூட்டும்போது மற்றொன்றையும் பாருங்கள். மரத்தடியில் கிடக்கும் பழைய பாற்சிரட்டையிலும், எறிந்த டயரிலும், தகர டப்பாவிலும் மழைநீர் தேங்கினால் அங்கே டெங்கு நுளம்பு பிறக்கும். அவற்றைக் கவிழ்க்க எந்தக் கடைப்பொருளும் வேண்டாம். இரண்டு கைகள் போதும்.

இப்பொழுது கணக்குப் பார்ப்போம். இரண்டு விளக்குமாறு, ஒரு தூரிகை, அடையாளமிட்ட மூன்று பழந்துணி, மூன்று வாளி, சவர்க்காரக் கட்டி ஒன்று, சிறு பொதி வெளிற்றுத் தூள், சிறிது சுண்ணாம்பு, புளி. ஒரு வீட்டுக்கு இவை போதும். கடையிலே கடனுக்குக் கிடைக்கிறது என்பதற்காக இதற்குமேல் ஒன்றை வாங்குமுன், அது எந்த அழுக்குக்கு என்று உங்களை நீங்களே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்குமுன் ஆண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. விளக்குமாற்றின் பிடி எவர் கைக்கும் பொருந்தும். நாளை விடியுமுன் அந்த ஓசை கேட்கும்போது, உங்கள் வீட்டில் அதை எழுப்புவது யார் என்று சற்றே காது கொடுத்துக் கேளுங்கள். அவள் காலை நான்கு மணிக்கே எழுந்தவள்; மலையேற இன்னும் நேரமிருக்கிறது. கூரையிற் படிந்த ஒட்டடையை அடிப்பதற்கு அவளைவிட உயரமான ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார் அல்லவா?